தார்பாய்க் கடையின் வெப்சைட்

என் வீட்டுக்காரர் சமீர் ஜூஜுவாடியில் லாரிகளுக்குத் தார்பாய் தைக்கிறார். தொழில் சுத்தம், வியாபாரம்தான் சுத்தமாக இல்லை. கிருஷ்ணகிரி லாரி முதலாளி முனிவேலின் ஆர்டர் கிடைக்காவிட்டால் கடையைப் பூட்டிவிட்டுப் பழைய கம்பெனி ஷிப்ட்டுக்கே போய்விடுவது என்று முடிவாகிவிட்டது. அந்த ஷிப்ட்டில் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. முனிவேலோ, "வெப்சைட் அனுப்புங்க, நாலு கடையோட வச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றுவிட்டார்.

வீடியோ பார்த்து நானே பக்கத்தை எழுதினேன். படம் போடும் கோடிங்கில், படம் வராவிட்டால் அந்த இடத்தில் தெரிவதற்காக, அதில் என்ன இருக்கிறது என்றும் எழுத வேண்டுமாம். யார் படிக்கப்போகிறார்கள் என்று இஷ்டத்துக்கு எழுதினேன். என் லேப்டாப்பில் படங்கள் ஜம்மென்று வந்தன. லிங்க்கை அனுப்பினோம்.

மறுநாள் காலை முனிவேல் கூப்பிட்டார். சமீரின் கையில் துணி இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"இன்னாம்மா, படம் ஒண்ணுமே வரல? எழுத்துதான் நிக்குது."

எனக்கு உயிரே போய்விட்டது. படத்தை இணையத்தில் ஏற்றாமல், என் லேப்டாப்பில் அது இருக்கும் இடத்தையே கோடிங்கில் கொடுத்திருந்தேன். எங்கள் வீட்டு பீரோவில் இருக்கிறது, எடுத்துக்கொள் என்று ஊராரிடம் சொன்ன மாதிரி.

அவர் விடாமல் படித்தார். "'தார்பாயின் மூலை. ஒரு தையல் கோணினாலும் பிரித்துத் தைத்த பிறகுதான் சமீர் சோற்றில் கை வைப்பார்.' அப்புறம், 'சமீர் சிரிக்கிறார். இந்தச் சிரிப்புக்காகத்தான் ஜூஜுவாடிப் புழுதியில் குடித்தனம் நடத்துகிறேன்.'"

தையல் மிஷின் நின்றுவிட்டது. நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். ஒரு நல்ல வார்த்தை சொன்னால் என் வாய் வெந்துவிடும் என்பது சமீரின் நெடுநாள் புகார். பொய்யும் இல்லை.

"மத்த கடைங்கள்ல பளபளன்னு போட்டோ. ஒண்ணும் மனசுல நிக்கல" என்றார் முனிவேல். "கோணினா பிரிச்சுத் தைக்கிற ஆளுதான் எனக்கு வேணும். நாளைக்கு ஒரு வண்டி அனுப்பறேன். நல்லா தைச்சா மிச்ச வண்டியும் உங்களுக்குத்தான்."

போனை வைத்ததும் அழுகையும் சிரிப்புமாக வந்தது. சமீர் என்னைப் பார்க்காமல் அதே நூலை மறுபடி மறுபடி ஊசியில் கோத்துக்கொண்டிருந்தார். சந்தோஷம் தாங்காவிட்டால் அவர் அப்படித்தான்.

மதியத்துக்குள் படங்களை இணையத்தில் ஏற்றி, கோடிங்கையும் திருத்தினேன். "இப்பப் பாருங்க" என்று போனை நீட்டினேன்.

மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"அந்த எழுத்தெல்லாம் எங்க ஜைபா?"

"உள்ளதாங்க இருக்கு. படம் வந்துட்டா அது தெரியாது."

போனை என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"அப்படின்னா தார்பாய் படமெல்லாம் இருக்கட்டும். என் மூஞ்சிய மட்டும் வராமப் பண்ணிடு."