மூச்சென்று நினைத்தது

மூச்சு வருகிறதென்று நான்தானே சொன்னேன்?

ஜெயலட்சுமியின் துடைப்பம் ஒவ்வொரு வீச்சுக்கும் இதையே கேட்டது. விடியும் முன்பே தீவின் சாத்தம் ஜெட்டியிலிருந்து வந்த சிமெண்ட் மூட்டைகள் கிடங்கில் இறங்கிக்கொண்டிருந்தன. இமையில் தூள், நாக்கில் தூள்.

பத்து நாளுக்கு முன்பும் இதே நேரம்தான். எட்டுப் பேர் இறக்கும் சரக்கை ஐந்து பேர் இறக்கினார்கள். நெஞ்சில் பாறாங்கல் வைத்தது போலிருக்கிறது, இடது கை கடுக்கிறது என்றான் ராக்கப்பன். வேர்வை ஊற்றியது. கேஸ்தான் என்று சோடா கொடுத்தார்கள். ஆம்புலன்சுக்குப் போன் போடலாமா என்று கூட மூட்டை இறக்கிய மீரான் கேட்டதற்கு, முதலில் லாரி காலியாகட்டும் என்றார் காண்ட்ராக்டர் நந்தகுமார். லாரி காலியாகுமுன் ராக்கப்பன் சாய்ந்தான். தொண்டை கொர்ரென்று விட்டுவிட்டு இழுத்தது. வலிப்பென்று கிடங்குச் சாவியை அவன் உள்ளங்கையில் திணித்தார்கள். "மூச்சு வருது, பயப்படாதீங்க" என்றாள் ஜெயலட்சுமி. ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து சாவியை எடுத்தபோது அதன் அச்சு மட்டும் கையில் பதிந்திருந்தது; உயிர் இல்லை.

ஆஸ்பத்திரி நர்ஸ் திட்டவில்லை. அதைத்தான் இவளால் தாங்க முடியவில்லை. அந்த இழுப்பு மூச்சே இல்லையாம். கூப்பிட்டும் அசையாதவனை மல்லாத்தி, ஒருவர் போன் போட, இன்னொருவர் மார்பு நடுவில் இரண்டு கையும் வைத்து அழுத்தியிருக்க வேண்டுமாம். இரண்டு அங்குலம் அமுங்க, நொடிக்கு இரண்டு தரம், ஆம்புலன்ஸ் வரும்வரை.

இன்று சாப்பாட்டு வேளையில் கிழிந்த மூட்டையொன்றைத் தரையில் கிடத்தி முழந்தாளிட்டாள். மற்றவர்கள் சுற்றி நின்றார்கள்.

"முழங்கை மடங்கக் கூடாது. எண்ணுங்க."

எண்ணினார்கள். நந்தகுமார் காகிதத்தோடு வந்தார். ராக்கப்பன் குடித்துவிட்டு வந்தான் என்று அதில் எழுதியிருந்தது.

"பக்கத்துல இருந்தவ நீ. ஒரு சைன், போதும்."

எட்டு ஆளும், அவசரத்துக்கு ஒரு வண்டியும் வரும்வரை யாரும் மூட்டை தொடுவதில்லை என்றார் மீரான்.

"மெயின்லேண்டுலேருந்து நாளைக்கே ஆள் இறக்குவேன்."

"இறக்குங்க சாப். அவங்களுக்கும் நெஞ்சு இருக்குமில்ல."

மீரான் சொன்னதற்கு யாரோ சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்கள். நந்தகுமார் குனிந்து, பேனாவை ஜெயலட்சுமியின் முகத்துக்கு நேரே நீட்டினார். சைன் போட்டால் வேலை இருக்கும் என்றார். லம்பா லைன் வாடகை வீடும், பிள்ளையின் பள்ளிக்கூடமும் அவள் கண்ணில் வந்து போயின. கையை மூட்டையிலிருந்து எடுக்கவில்லை.

"நான் போடல, சாப்."

இருபத்து மூன்று என்றார்கள் எல்லோரும். அவள் அழுத்தினாள்.