பின்பக்க இரும்புப் படி

விடியுமுன்பே ரஞ்சிதத்தின் கைகள் ஆசிட் பட்டு எரிந்தன. முந்தின நாள் கிருத்திகை. மொட்டையடித்து மலையிறங்கி வந்தவர்கள் குளித்த குளியலறைகளில் சந்தனமும் மயிரும் சேர்ந்து தண்ணீர் போகும் குழியை அடைத்திருந்தன. விரல்விட்டுச் சுருட்டி இழுத்து வாளியில் போட்டாள்.

லாட்ஜ் கட்டி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. முன்னால் கிரானைட் படி, பக்கத்திலேயே லிஃப்ட். கக்கூஸ் கழுவும் காலனிப் பெண்களுக்கென்று பின்சுவரில் சுருள் சுருளாய் ஓர் இரும்புப் படி. ஒரு கால் வைத்தால் மறுகாலுக்கு இடமிருக்காது. கட்டடம் புதுசு, புத்தி மட்டும் பாட்டன் காலத்துப் புத்தி.

மூன்றாம் மாடியில், அந்தப் படியில் கால் வைக்கும்போதே, அவளோடு கழுவ வந்திருந்த தபிதாள் வழுக்கி, நடையிலேயே மல்லாந்து விழுந்தாள்.

"யக்கா, இடுப்பு போச்சுக்கா!"

ரஞ்சிதமும் உடன் வேலை செய்யும் ப்ரியாவும் அவளைப் போர்வையில் கிடத்தித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். ஒவ்வொரு வளைவிலும் அவள் முதுகு கம்பியில் இடித்தது. பாதி வழிவரை அலறியவள், பிறகு அலறவில்லை.

கீழே நின்ற ஆம்புலன்ஸ்காரன் பதறினான்.

"இப்பிடியா தூக்கினு வருவீங்க? லிஃப்ட் இல்லையா இங்க?"

ரஞ்சிதம் முன்பக்கம் திரும்பிப் பார்த்தாள். லிஃப்ட் இருந்தது. காலியாக, விளக்கெரிய நின்றது. தடுக்க ஆளும் இல்லை. பழகிய செக்குமாடுகள்போல் அவர்கள் கால்கள்தாம் பின்பக்கம் திரும்பியிருந்தன. ஐயோ, நாமே அவளைக் கெடுத்தோமே என்று தலையில் அடித்துக்கொண்டாள். தபிதாளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

மதியம் முதலாளி சாய்கிருஷ்ணன் முன்னால் நின்றார்கள்.

"லிஃப்டுல ஏறாதன்னு உங்களுக்கு யாரு சொன்னா? போர்டு எதனா மாட்டிக்கிறனா?"

"போர்டு இல்லீங்க. படி இருக்குதுங்களே" என்றாள் ரஞ்சிதம்.

"அது ஒரு வசதிக்குக் கட்டனது."

"யாரு வசதிக்குங்க?"

"இங்க தங்கறவங்க சாமி கும்புட வர்றவங்க. வாளியும் தொடப்பமுமா நீங்க எதிர்ல வந்தா..." பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"ஆங், இப்ப சொல்லிட்டீங்க" என்றாள் ப்ரியா.

"இஷ்டம்னா செய்ங்க. இல்லனா நாளைக்கே பள்ளிப்பட்டுலேர்ந்து ஆள் வருது."

மறுநாள் கருக்கலில் ரஞ்சிதம் முன்வாசலில் நின்றாள். லிஃப்டை அணைத்து வைத்திருந்தார்கள். தபிதாள் சேதி கேட்டுப் பக்கத்து லாட்ஜ்களில் கழுவுகிறவர்களும் வாளியோடு வந்திருந்தார்கள். அங்கேயும் பின்னால் இதே இரும்புப் படிதான்.

கிரானைட் படியில் ஒரு கால் வைத்தாள். மறுகால் எழவில்லை. உடம்பு பின்பக்கம் போகவே துடித்தது. வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"கால் வரமாட்டேங்குது ப்ரியா."

"எனக்குந்தாங்க்கா. கையப் புடி."

ப்ரியாவின் கையை அவளுக்குப் பின்னால் நின்றவள் பிடித்தாள். அவள் கையை இன்னொருத்தி. மேலே, முதல் மாடித் திருப்பத்தில், சாய்கிருஷ்ணன் வழிமறித்து நின்றார். ரஞ்சிதம் அடுத்த படியில் காலை வைத்தாள்.