அதே ஃபோல்டரில் சாவி

அறையில் மேலாளர், செயலியைச் சோதித்துப் பார்க்கும் அக்கா, நான். எங்கள் நிறுவனம் தயாரிக்கும் செய்திச் செயலி, கம்ப்யூட்டரில் செய்திகளைச் சங்கேதமாக்கிப் பூட்டிவிட்டு, அவற்றைத் திறக்கும் சாவியை அதே ஃபோல்டரில் வெறும் எழுத்தாக வைத்திருந்தது. சாவியை சிஸ்டத்தின் பாதுகாப்புப் பெட்டகத்துக்கு மாற்றச் சொல்லி அக்கா மறுபடியும் கேட்டாள். எனக்குக் கொட்டாவி வந்தது.

“கம்ப்யூட்டருக்குள்ளயே வந்துட்டவனுக்குச் சாவி எதுக்கும்மா? தொணதொணக்காத,” என்றார் மேலாளர்.

அக்கா தன் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள்.

“நீங்க டீ குடிக்கப் போனப்ப உங்க கம்ப்யூட்டர்ல இருந்து அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் காப்பி பண்ணேன் சார். இங்க அப்படியே திறந்துக்குச்சு.”

திரையில் அவர் முதலாளிக்கு அனுப்பிய செய்தி இருந்தது: ‘அந்தப் பொண்ணை மாசக் கடைசியில அனுப்பிடலாம்.’

மேலாளர் முகம் கறுத்தது.

“மாசக் கடைசி எதுக்கு? இப்பவே கிளம்பு.”

“கிளம்புறேன். சாவியை மாத்திடுங்க சார்.”

அவள் போனதும் மேலாளர் என்னோடு வெளியே வந்து அறைக் கதவைப் பூட்டினார். சாவியை மறக்காமல் பூட்டிலிருந்து உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.