கேரியர் சாப்பாடு

என் நாத்தனார் அந்தக் கேரியரை மேசைமேல் வைக்கிற சத்தம் கேட்டாலே போதும், எனக்குப் பற்றிக்கொண்டு வரும். குழைந்த சோறு, உறைப்பில்லாத குழம்பு, உப்பில்லாமல் வேகவைத்த காய். எல்லாம் அவள் அண்ணனுக்கு. நான் குத்துக்கல்லாட்டம் நிற்கிற வீட்டில், என் அடுப்பைத் தாண்டி வந்து, என் தட்டிலேயே பரிமாறுகிறாள்.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். சில வருடங்களாகவே நெஞ்செரிச்சல். காலையில் எழும்போது தொண்டை வரை புளிப்பு, குரல் கட்டிக்கொண்டிருக்கும். முதலில் என் மிளகாயின் மேல் பழி. குறைத்தேன். பிறகு எண்ணெயின் மேல். அதையும் குறைத்தேன். கடைசியில் என் கைப்பக்குவமே ஆகாது என்று நாத்தனார் தீர்ப்பு சொன்னபோது அவர் மண்ணாந்தை மாதிரி உட்கார்ந்திருந்தார். ஆலைக் கேன்டீனில் ஒரு ஷிஃப்டுக்கே நான் சமைக்கிறேன். அங்கே ஒருத்தரும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஓடியதில்லை.

போன மாதம் லிஃப்ட் கூண்டின் மேல் நின்றபடியே கண்ணயர்ந்துவிட்டார். கூட இருந்தவர் சட்டையைப் பிடித்து இழுத்ததால் பிழைத்தார். கம்பெனி அவரை டாக்டரிடம் அனுப்பியது, அங்கே ஒரு ராத்திரி தூங்கவைத்துப் பரிசோதித்தார்கள். முடிவைக் கேட்க நாத்தனாரும் ஒட்டிக்கொண்டு வந்தாள்.

"தூக்கத்துல இவருக்குத் தொண்டை அடைச்சுக்குது. மூச்சு உள்ள போகாம நெஞ்சு இழுஇழுன்னு இழுக்குது. அந்த இழுப்புல வயித்து அமிலமும் மேல வந்துடுது" என்றார் டாக்டரம்மா. ஏறி வந்த அமிலம் தொண்டையை வீங்கவைக்கும், அதனால் அடைப்பு இன்னும் கூடும், ஒன்றுக்கொன்று தூபம் போடுகிற கதைதான் என்றார். ராத்திரித் தூக்கம் அறுந்து அறுந்து போவதால்தான் பகலில் கண்ணயர்கிறாராம். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் படுக்கக் கூடாது, எடை குறையவேண்டும், தூங்கும்போதெல்லாம் மூக்கில் மாட்டிக்கொள்ள, காற்றை ஊதித் தொண்டையைத் திறந்துவைக்கிற ஒரு மெஷின். சமையலை மட்டும் மாற்றி இது தீராது என்றும் சொன்னார். நான் நாத்தனாரைப் பார்த்தேன். அவள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் அவரிடம் கேட்டேன். "என் சமையல் காரணமில்லைன்னு உங்க தங்கச்சிகிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க." வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்றார். வீடும் வந்தது, மெஷினும் வந்தது, அந்த வார்த்தை மட்டும் வரவில்லை. மெஷினை மாட்டினால் மூச்சு முட்டுகிறதாம். இரண்டே நாளில் பீரோமேல் ஏறிவிட்டது. குறட்டை விடாத ஆம்பளை எந்த வீட்டில் இருக்கிறான், வயிற்றுக்கு இதமாகப் போட்டால் எல்லாம் சரியாகும் என்று நாத்தனார் ஒத்து ஊதினாள். இப்படியே விட்டால் ஒருநாள் ஆள் போய்விடுவார் என்றேன். உங்களுக்கு நல்ல வாயே வராதா அண்ணி என்றாள்.

இன்று அவருக்கு விடுமுறை. மத்தியானம் தங்கச்சி பரிமாற, வயிறு புடைக்கத் தின்றுவிட்டு சோபாவில் சாய்ந்தவர் உடனே குறட்டையில் இறங்கினார். எவ்வளவு நிம்மதியாகத் தூங்குகிறார் பாருங்கள் என்று அவள் பூரித்தாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

குறட்டை நின்றது. வயிறு எக்கி எக்கி இழுத்தது, மூச்சு மட்டும் இல்லை. அவள் இதை இதுவரை பார்த்ததில்லை.

"அண்ணி, மூச்சு வரல."

"வரும்" என்றேன், எழுந்திருக்காமல்.

ராப்பகலாக இந்தப் பயத்தை நான் ஒருத்தியே விழுங்கிக்கொண்டிருக்கிறேன். அவளும் ஒரு வாய் தின்னட்டும் என்றுதான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் வழக்கமாக வருகிற நேரத்துக்கு மூச்சு வரவில்லை. அவர் உதடு கறுத்தது. துணியைப் போட்டுவிட்டு ஓடினேன். ஆளுக்கொரு தோளைப் பிடித்து உலுக்கினோம். எங்கள் கைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

கர்ரென்று ஒரு இழுப்போடு எழுந்து உட்கார்ந்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, எதையோ கஷ்டப்பட்டு விழுங்கினார். நாத்தனார் அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டு கேரியரைப் பார்த்தார்.

"என்னத்தப் போட்டு சமைச்ச பாப்பா? நெஞ்செல்லாம் எரியுது."

இந்த ஒரு நிமிஷத்துக்காக எத்தனை நாள் காத்திருந்தேன். சிரிப்பு வரவில்லை. பீரோமேல் இருக்கிற மெஷினைச் சொல்ல வாயெடுத்தேன். கேட்கிற நிலையில் இருவருமே இல்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கேரியரின் ஒரு அடுக்கை எடுத்து முகர்ந்தாள். ஒட்டியிருந்த குழம்பை விரலால் வழித்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். பிறகு அடுத்த அடுக்கை எடுத்தாள்.