நூற்றுப் பத்தொன்பதாவது வரி

திங்கள்கிழமை

தனசேகரன் சார் வகுப்பில் சேரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளே ஒரு நோட்டுக் கொடுப்பார். கணினியில் என்ன செய்தாய், என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று நினைக்கிறாய்? தினமும் இந்த மூன்றுக்கும் பதில் எழுத வேண்டும். மற்றவர்கள் இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். எனக்கு இது மூன்றாவது நோட்டு. கடைசிக் கேள்விக்கு நான் அதிகம் எழுதியிருக்கும் பதில், "என் தவறாக இருக்கலாம்." இன்றும் அதையே எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். பிறகு மறுபடி எழுதினேன்.

வகுப்பு செங்கழுநீரோடை வீதியில் ஒரு மருந்துக்கடை மாடியில், மாலை ஆறிலிருந்து எட்டு வரை. பகலில் நான் வாலாஜாபாத்தில் பம்புசெட் சாமான் கடையில் வேலை செய்கிறேன். வகுப்பு முடிந்து தென்னேரியில் வீட்டுக்குப் பஸ். வகுப்பில் எட்டுக் கணினிகள், ஏதோ ஒரு அலுவலகம் கழித்துக் கட்டியவை. இப்போதைய விண்டோஸ் அவற்றில் ஏறாது. இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைப் போட்டால் நன்றாக ஓடுகின்றன. ஆனால் காசு கொடுத்து வாங்குகிற விளையாட்டுகளில் பல லினக்ஸுக்கென்று வருவதில்லை. விண்டோஸ் விளையாட்டை லினக்ஸில் ஓட்டக் குறுக்குவழிகள் உண்டு; எங்கள் பழைய மெஷின்கள் அந்தச் சுமையைத் தாங்காது.

"கிரேமியர்" விளையாட்டை எனக்குக் காட்டியது சிட்டிபாபு. செல்போன் பழுதுபார்க்கும் கடையில் வேலை, வகுப்பில் என் பக்கத்து இருக்கை. இன்னும் வெளிவரவில்லை. கடலில் மூழ்கிய ஓர் ஊர். நம்மிடம் ஒரு சின்னப் படகு. ஒவ்வொரு துறைமுகத்திலும் காவல்காரன் கொடி ஏற்றுவான். அதிலுள்ள உருவத்தைப் படித்தால்தான் எந்த நீர்க்கதவு திறக்கும் என்று தெரியும். அந்த விளையாட்டை லினக்ஸுக்கும் கொண்டுவரச் சொல்லி உலகம் முழுக்க ரசிகர்கள் பதினான்கு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். திட்டுவது கிடையாது. ஒவ்வொருவரும் ஒரே ஒரு கடிதம்: நான் இன்னார், என் கணினி இது, வந்தால் வாங்குவேன். நாலாயிரத்து நூறு கடிதங்கள் போயிருக்கின்றன. அதில் ஒன்று என்னுடையது. அனுப்புவதற்கு முன் ஏழு முறை திருத்தினேன்.

கடைசியில் விளையாட்டைச் செய்யும் நிறுவனம் இறங்கி வந்தது. மொத்தமே பதினோரு பேர் வேலை செய்யும் நிறுவனம். இறுதிச் சோதனைப் பதிப்பு ஒன்றைக் கொடுத்து இருநூற்றுப் பதின்மூன்று பேரை ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். எல்லாம் சரி என்றால் பட்டியலில் பச்சை. விளையாட்டையே நிறுத்துகிற கோளாறு என்றால் சிவப்பு. வெள்ளிக்கிழமை நம் நேரம் இரவு எட்டு மணிக்கு ஒரு சிவப்புகூட இல்லாவிட்டால் விண்டோஸ், லினக்ஸ் இரண்டு பதிப்பும் ஒரே நாளில் வெளிவரும். ஒன்று இருந்தாலும் லினக்ஸ் கிடையாது. இன்னொரு முறை பார்க்க ஆளில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

இருநூற்றுப் பன்னிரண்டு பச்சை வந்துவிட்டது. பாக்கி நான்.

இன்று ஆறாம் எண் மெஷினில் ஓட்டினேன். மூன்றாவது துறைமுகத்தில் காவல்காரன் ஏற்றிய கொடியில் உருவமே இல்லை. சாய்வான கோடுகள்தான், மழைச்சாரல் மாதிரி.

சிட்டிபாபு எட்டிப் பார்த்தான். "இன்னா வால்யூம் மேடம், இன்னொரு தபா ஆரம்பிச்சிட்டியா?"

அந்தப் பெயருக்குக் காரணம் உண்டு. இரண்டு மாதத்துக்கு முன் வந்த முதல் சோதனைப் பதிப்புக்கு "சத்தமே வரவில்லை" என்று சிவப்புப் போட்டேன். எங்கெங்கோ இருக்கும் நாற்பது பேர் ஒரு நாள் முழுக்கத் தேடினார்கள். ஸ்பீக்கர் குமிழ் பூஜ்யத்தில் இருந்தது.

செவ்வாய்க்கிழமை

எட்டு மெஷினிலும் வரிசையாக ஓட்டினேன். எட்டிலும் ஒரே மழைச்சாரல். எட்டும் ஒரே பழைய சிப் என்பதால் இது எதையும் நிரூபிக்காது. ஒரே தவறை எட்டு முறை செய்யவும் என்னால் முடியும்.

சிட்டிபாபுவிடம் அவன் அண்ணனுடைய புது லேப்டாப் இருக்கிறது. அதில் கொடி அழகாகப் பறக்கிறது.

"பச்சை போட்டுட்டுப் போயேம்மா. இந்த மாதிரி டப்பா உலகத்துல எவன்கிட்ட இருக்குது?"

"நம்மகிட்ட இருக்குதே, சிட்டி."

"பதினாலு மாசம். நாலாயிரம் பேரு. உன் ஒரு சிவப்பால எல்லாம் ஊத்திக்கும். அப்புறம் எவனும் உன்னை வால்யூம் மேடம்னு கூட கூப்பிட மாட்டான்."

அவன் கிண்டலாகச் சொல்லவில்லை. அவன் கடிதம்தான் நம் ஊரிலிருந்து போன முதல் கடிதம். கேட்டுப் பார்ப்போம் என்று நம்பியவன் அவன். நான் பின்னால் வந்தவள். எதுவும் அனுப்பாமல் பஸ் ஏறினேன். பச்சை போட்டால், விளையாட்டு வெளிவந்த பிறகு எங்களைப் போன்ற மெஷின் வைத்திருப்பவன் காசு கொடுத்து வாங்கி மூன்றாவது துறைமுகத்தில் நிற்பான். சிவப்புப் போட்டால் யாருக்குமே கிடையாது. வாலாஜாபாத் வரை இதையே நினைத்துக்கொண்டு வந்ததில் சில்லறை வாங்க மறந்துவிட்டேன்.

புதன்கிழமை

மஹாலட்சுமி அக்கா இன்று வந்தாள். பிள்ளையார்பாளையத்து நெசவுக் குடும்பம். பகலில் ஜக்கார்டு தறிகளுக்குக் கணினியில் டிசைன் போடுகிற வேலை. முந்தானைக்கு வேண்டிய உருவத்தைக் கட்டம் கட்டமாக நிரப்புவாள். ஒரு வரிக் கட்டம் என்றால் குறுக்கே ஓடும் ஓர் ஊடை இழை. இரண்டு நாளாக ஏதோ அவசர டிசைன் என்று வகுப்புக்கு வரவில்லை.

விளையாட்டில் "கொடிப் புத்தகம்" என்று ஒரு பக்கம் உண்டு. எல்லாக் கொடியும் மடிப்பில்லாமல் தட்டையாக விரிந்திருக்கும். அதைத் திறந்து வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தபோது அவள் பின்னால் வந்து நின்றாள்.

"இன்னா இது, அன்னம் சாஞ்சிக்கினு போவுது?"

"எந்த அன்னம்க்கா? அதுல கோடுதானே இருக்குது?"

"கோடா? கண்ணை நல்லா தொறந்து பாரும்மா. இங்க அலகு. அதோ வால். எதுவும் கிழியல, எல்லாக் கட்டமும் உள்ள இருக்குது. ஒவ்வொரு வரியும் இடது பக்கமா நகந்து நகந்து ஆரம்பிச்சிருக்குது, அவ்ளோதான்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். திரையைப் படமாகப் பிடித்து, ஒவ்வொரு புள்ளியும் கட்டமாகத் தெரிகிற அளவுக்குப் பெரிதாக்கினோம். அவள் விரலால் எண்ணினாள், நான் எழுதினேன். கொடியின் அகலம் 238 கட்டம். இரண்டாவது வரி முதல் வரியைவிட இரண்டு கட்டம் இடப்பக்கம். மூன்றாவது, நாலு கட்டம். நாலாவது, ஆறு.

"எங்க மிஷின்ல மாசத்துக்கு ஒருதபா இது நடக்கும்பா," என்றாள். "டிசைன் 238 கட்டம் போட்டிருப்போம். மிஷினு, இழை தூக்குற கொக்கி 240ன்னு நெனச்சிக்கினு படிக்கும். கொறையிற அந்த ரெண்டை அடுத்த வரியிலேர்ந்து எடுத்துக்கும். அப்புறம் எல்லா வரியும் ரெண்டு ரெண்டா ஓடும். மொதலாளி கத்துவாரு, நாங்க அந்த ரெண்டைத் தேடுவோம்."

எனக்கு உடனே நம்பிக்கை வரவில்லை. அவள் சொல்வது சரியென்றால் ஒன்று நடந்தாக வேண்டும். வரிக்கு இரண்டு என்று நகர்ந்தால் 238 கட்டமும் நகர 119 வரி ஆகும். அதாவது முதல் வரிக்குப் பிறகு நூற்றுப் பத்தொன்பதாவது வரி ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, மறுபடி நேராக இருக்க வேண்டும். முதலில் இதை நோட்டில் எழுதினேன், நேரத்தோடு: 7.22. பிறகு எண்ணினோம். அறுபதில் ஒருமுறை தவறி முதலிலிருந்து எண்ணினோம். சிட்டிபாபு கிண்டலை நிறுத்திவிட்டு ஸ்கேலைத் திரையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

நூற்றுப் பதினேழு. இன்னும் நாலு கட்டம் விலகல். நூற்றுப் பதினெட்டு. இரண்டு. நூற்றுப் பத்தொன்பது.

நேராக இருந்தது. கொடியின் ஓரக்கரை கொடியின் ஓரத்தில், ஒரு கட்டம்கூடப் பிசகாமல். மேலேயும் கீழேயும் மழையாகக் கொட்டிக்கொண்டிருக்க, நடுவில் அந்த ஒரே ஒரு வரி மட்டும்.

நாங்கள் பார்த்தேயிராத யாரோ, பெயர் தெரியாத ஒரு குளிர்நாட்டில் எழுதிய கோப்பு. அதற்குள் இருக்கிற தவறு எங்கே திரும்பும் என்று எங்கள் நோட்டுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது.

"சரி," என்றான் சிட்டிபாபு. குரல் இறங்கியிருந்தது. "இது குமிழ் இல்ல. போடு சிவப்பு."

"பதினாலு மாசம்னு சொன்னியே?"

"சொன்னேன். போடுன்றேன்ல."

எட்டு மணிக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது அனுப்பினேன். எண்கள், படம், எட்டு மெஷினின் விவரம். கீழே, "நாங்கள் எண்ணியது தவறாகவும் இருக்கலாம், தயவுசெய்து ஒருவராவது எண்ணிப் பாருங்கள்" என்றும் எழுதினேன்.

வியாழக்கிழமை

சாமி புறப்பாட்டுக்காகப் பஸ்ஸைச் சுற்றிவிட்டார்கள். ஆறரைக்குத்தான் வகுப்புக்குள் நுழைந்தேன். சிட்டிபாபு ரசிகர் மன்றப் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தான்.

முதல் பதில்கள் மோசமானவை. "இத்தனை நாள் உழைத்து, பழைய இரும்புக்காக எல்லாவற்றையும் தொலைக்கப் போகிறோம்." "இதே ஆள்தானே சத்தம் வரவில்லை என்றது?" அதைப் படித்தபோது பையை மாட்டிக்கொண்டு கீழே இறங்கிவிடலாம் என்றிருந்தது.

"கீழ போ, கீழ போ," என்றான் சிட்டிபாபு. பக்கத்தைத்தான் சொன்னான்.

கீழே போனேன். போர்ச்சுகலில் ஒரு தபால்காரர் பரணிலிருந்து பழைய மெஷினை இறக்கி, தூசு தட்டி, ஓட்டிப் பார்த்திருந்தார். ஒரே வரி எழுதியிருந்தார்: "238. 119. உறுதி." அதற்குக் கீழே கென்யாவில் ஒரு பள்ளிக்கூட ஆய்வகம், ஐந்து மெஷின்கள்: "119. உறுதி." பிறகு போலந்து. பிறகு சிலியில் ஒரு பெண். அவள் மற்றக் கொடிகளையும் எண்ணிவிட்டு, அகலம் நாலால் வகுபடுகிற கொடி எல்லாம் நேராக இருக்கிறது, வகுபடாதவை மட்டும்தான் சாய்கின்றன என்று கண்டுபிடித்திருந்தாள். அதை நான் பார்க்கவே இல்லை. கொடிப் புத்தகம் முழுக்க என் கண் முன்னால்தான் இருந்தது.

மொத்தம் முப்பத்தொரு பேர். ஒருவரும் எங்கள் பேச்சை நம்பிவிடவில்லை. எல்லோரும் உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள். அவரவர் ஊரில், அவரவர் நேரத்தில், அந்த ஒரு வரிக்காக முப்பத்தொரு பேர் திரையில் விரல் வைத்திருக்கிறார்கள். மஹாக்கா ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டுப் படித்தாள். சில ஊர் வாயில் நுழையவில்லை. விடாமல் படித்தாள்.

ஏழரைக்கு நிறுவனத்திலிருந்து பதில் வந்தது. இங்க்ரிட் என்பவர் எழுதியிருந்தார்: "எண்களைப் பார்த்ததும் எந்தக் கோப்பில் எந்த இடம் என்று தெரிந்துவிட்டது. பழைய சிப்புகளுக்கென்று நானே தனியாக எழுதிய பகுதி. ஒவ்வொரு வரியும் நாலின் மடங்கில் முடியும் என்று நினைத்துவிட்டேன். நாளை புதுப் பதிப்பு தர முயல்கிறேன். கெடு மாறாது, மாற்றும் அதிகாரம் எனக்கில்லை. இதைக் கட்டங்களாக எண்ணலாம் என்று உங்களுக்கு எப்படித் தோன்றியது?"

"புடவைன்னு எழுது," என்றாள் மஹாக்கா. எழுதினேன்.

வெள்ளிக்கிழமை

புதுப் பதிப்பு 6.40க்கு வந்தது. எங்கள் இணைப்பில் இறங்க இருபது நிமிடம். அதற்குள் கரண்ட் ஒருமுறை போய் வந்தது. சிட்டிபாபு ஜன்னலுக்கும் மெஷினுக்கும் நடந்துகொண்டே இருந்தான்.

7.14. ஆறாம் எண் மெஷின். மூன்றாவது துறைமுகம். காவல்காரன் கயிற்றை இழுத்தான். கொடி மேலே போகப் போக விரிந்தது. அன்னம், அலகில் மூன்று நெற்கதிர். மூன்றாவது நீர்க்கதவு. படகைத் திருப்பினேன்.

கதவு திறந்தது. அதற்கு அப்பால் இருப்பதை இந்த மெஷின்கள் இதுவரை காட்டியதே இல்லை. நீருக்கடியில் தெருக்கள், தெருவுக்கு இரு பக்கமும் விளக்குகள், வீட்டுக் கூரைகளுக்கு மேலே எங்கள் படகின் நிழல் போய்க்கொண்டிருந்தது. வகுப்பில் எல்லோரும் எழுந்து என் பின்னால் வந்துவிட்டார்கள். யாரோ மெதுவாக "ஐயோ" என்றார்கள்.

"பச்சை போடு," என்றான் சிட்டிபாபு. கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"இன்னும் ஏழு இருக்குது."

"எது?"

"மெஷினு. எட்டுல சிவப்புப் போட்டேன். எட்டுலயும் பார்க்கணும்."

"தீபிகா! நாப்பது நிமிஷம்தாம்மா இருக்குது! கையெடுத்துக் கும்புடறேன்!"

"கும்பிட்டுக்கினே நாலாம் மெஷினைப் போடு."

பென் டிரைவில் பதிப்பை ஏற்றி ஒவ்வொரு மெஷினுக்கும் கொடுத்தேன். ஏழு பேர் ஏழு மெஷினில் உட்கார்ந்தார்கள். மூன்றாவது துறைமுகம் வரை போக ஒவ்வொருவருக்கும் பத்துப் பன்னிரண்டு நிமிடம். ஒருவன் படகைப் பாறையில் மோதி முதலிலிருந்து வந்தான். சிட்டிபாபு அவனைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. நான் நோட்டோடு பின்னால் நடந்தேன். ஒன்று, சரி. மூன்று, சரி. நாலு, சரி. இரண்டாவதில் கொடி நேராக வந்தது, ஆனால் இரண்டு கண் போதாது என்று பக்கத்தில் இருந்தவளையும் பார்க்கச் சொன்னேன். ஏழு, சரி. ஐந்து, சரி. எட்டாவதில் மஹாக்கா. "நேரா நிக்குது" என்று சொன்னாள், திரையிலிருந்து முகத்தை எடுக்காமல்.

7.51க்குப் பச்சை அனுப்பினேன்.

பட்டியலில் இருநூற்றுப் பதின்மூன்றும் பச்சையாக நின்றன. கூடவே, கேட்காமலே, அந்த முப்பத்தொரு பேரும் தங்கள் பழைய மெஷின்களில் ஓட்டிப் பார்த்துத் தனியாகப் பச்சை போட்டிருந்தார்கள். 7.58க்கு நிறுவனத்தின் பக்கத்தில் ஒரு வரி வந்தது: இரண்டு பதிப்பும் ஒரே நாளில்.

சிட்டிபாபு கத்திய கத்தலில் கீழே மருந்துக்கடைக்காரர் மாடிப்படியில் ஏறி வந்துவிட்டார். பத்து நிமிடம் ஒரே கூச்சல். யார் யாரோ என் கையைக் குலுக்கினார்கள். நான் பட்டியலை இன்னொரு முறை மேலிருந்து கீழே எண்ணிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

எட்டேகாலுக்கு தனசேகரன் சார் மெயின் சுவிட்சை அணைக்க வந்தார். எட்டாம் எண் மெஷினில் மட்டும் வெளிச்சம் இருந்தது.

"இருங்க சார்," என்றாள் மஹாக்கா, திரும்பிப் பார்க்காமல். "கொடி ஏத்திக்கினு இருக்கான்."