குப்பன் ஓடுகிற தடம்

நாய்ப் பூங்காவை இடம் மாற்றப் போகிறோம், வந்து கருத்துச் சொல்லுங்கள் என்று நகராட்சியிலிருந்து நோட்டீஸ் வந்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. என் வீட்டில் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் சோபாவையே மாற்றியிருக்கிறார்கள். இங்கே நாய்க்குப் பூங்காவாம், அதை மாற்ற ஊர்க் கூட்டமாம்.

இரண்டாவது தடவை படித்தபோது சிரிப்பு போய்விட்டது. இப்போதுள்ள இடத்தில் கிரிக்கெட் மைதானம் வருகிறது. நாய்களுக்கு ஊர்க் கோடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் புது இடம். மைதானம் கேட்டு அலைந்தவர்களில் முதல் ஆள் பத்மநாபன். என் பழைய சிநேகிதன் பத்து.

குப்பன் என் மகள் வெண்பாவின் நாய். ஸ்கூல் படிக்கும்போது அழுது அடம்பிடித்து வாங்கினாள். அவள் வைத்த பெயர் கூப்பர். என் வாயில் அது குப்பன் என்றுதான் வந்தது. அவனும் அதற்குத்தான் வாலாட்டினான். நாய் உள்ளே வந்தால் நான் வெளியே போகிறேன் என்று வீராப்புப் பேசியவன் நான். கடைசியில் வெளியே போனது வெண்பாதான், முதலில் காலேஜுக்கு, அப்புறம் வேலைக்கு சியாட்டிலுக்கு. நானும் நாயும் உள்ளேயே இருந்தோம்.

தினமும் சாயங்காலம் பூங்கா. ரிச்சர்ட்சன் ஆபீசில் இத்தனை வருஷமாகப் பக்கத்து சீட்டுக்காரன் வாயில் கிட்டுசாமி என்ற என் பெயர் நுழைந்ததே இல்லை. பூங்காவில் அந்தத் தொல்லை கிடையாது. நான் கூப்பரின் அப்பா. மற்றவர்கள் பெல்லாவின் அம்மா, டியூக்கின் தாத்தா. எனக்கு வேலை போன வருஷம் தினமும் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொன்னவர் அந்த டியூக்கின் தாத்தாதான். அவர் பெயர் இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் குப்பனுக்குக் கண் போய்விட்டது. தெருவில் என் காலை உரசிக்கொண்டே நடப்பான். குப்பை வண்டிச் சத்தம் கேட்டால் அப்படியே நின்றுவிடுவான். ஆனால் பூங்காக் கதவைத் தாண்டி வாரை அவிழ்த்துவிட்டால் பழைய குப்பன்தான். இடப்பக்கம் தண்ணீர்க் குழாய், அப்புறம் பெஞ்சு, நடுவில் பெரிய பெக்கான் மரம். அந்த மரத்தை வளைத்துக்கொண்டு எதிர் வேலிவரை ஒரே ஓட்டம். பார்வை மங்கிய நாட்களில் மரத்தில் இரண்டொரு தடவை முட்டிக்கொண்டான். அதற்குப் பிறகு ஒருநாளும் முட்டியதில்லை. அவனுக்கு ஓடுவதற்கு என்று உலகத்தில் மிச்சமிருந்தது அந்த ஓர் இடம்தான். அதைத்தான் பிடுங்கப் பார்க்கிறார்கள்.

பத்துவுக்குப் போன் போட்டேன்.

"ஏன்டா, இந்த ஊர்ல வேற எடமே கெடைக்கலையா உங்களுக்கு?"

"டென்ஷன் ஆகாத கிட்டு. நாய்க்கு இதைவிடப் பெரிய ப்ளேஸா தராங்கடா. பசங்க டென்னிஸ் கோர்ட்ல கிரிக்கெட் ஆடறாங்க, அங்கயும் துரத்தறாங்க. எத்தனை வருஷமா அப்ளை பண்ணிட்டு இருக்கோம்? அன்னிக்கு பார்க்கிங் லாட்ல நீ என்ன சொன்ன, மறந்துட்டியா?"

மறக்கவில்லை. அதனால்தான் கோபம் இன்னும் அதிகமாக வந்தது. போனை வைத்துவிட்டேன்.

நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் எல்லாரும் ரிச்சர்ட்சனில் ஒரே அபார்ட்மெண்ட். வீட்டுக்கு நாலு பேர், நாலு பேருக்கு ஒரு கார். சனிக்கிழமையானால் டென்னிஸ் பந்தில் கறுப்பு டேப்பைச் சுற்றிக்கொண்டு பார்க்கிங் லாட்டில் இறங்கிவிடுவோம். குப்பைத் தொட்டிதான் ஸ்டம்ப். மேனேஜர் அம்மாள் வந்து கத்துவாள். மாஸ்டர்ஸ் படித்த அத்தனை பேரும் பேட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நிற்போம். ஒருநாள் பத்து அடித்த பந்து யாருடைய கார்க் கண்ணாடியையோ உடைத்தது. எல்லாரும் ஓட்டம் பிடித்தார்கள். அவன் மட்டும் நின்றான், அவனுக்காக நானும் நின்றேன். திட்டு வாங்கிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தபோது நான்தான் சொன்னேன்: "ஒருநாள் இந்த ஊர்ல நமக்குன்னு ஒரு கிரவுண்டு வரும் பாரு பத்து." அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு இளகிப்போகிறது. கையில் ஒன்றும் இல்லை, மனசு நிறையப் பயம். ஆனாலும் அப்படி வயிறு வலிக்கச் சிரித்தது அதற்குப் பிறகு இல்லை.

"ஏனுங்க, பத்து அண்ணனைக் காட்டியும் நாய் பெருசாப் போச்சுங்களா உங்களுக்கு?" என்று கேட்டாள் என் வீட்டுக்காரி. ஒரு மாதம் நான் பத்துவோடு பேசவில்லை.

கூட்டம் ரிக்ரியேஷன் சென்டரில் நடந்தது. வாசலிலேயே ஆளுக்கு ஒரு தாளில் ஐந்து பச்சைப் பொட்டு கொடுத்தார்கள், ஸ்டிக்கர் பொட்டு. சுவரோரம் அட்டைகள் வைத்திருந்தார்கள்: ஒன்றில் மைதானத்தின் படம், இன்னொன்றில் புது நாய்ப் பூங்கா, வேலி மட்டும் வரைந்த வெறும் கட்டம். எது பிடிக்கிறதோ அதன்மேல் பொட்டு வைக்கவேண்டுமாம். சியாட்டிலிலிருந்து மெசேஜ் வந்திருந்தது: "அப்பா, ப்ளீஸ், நோ ஷவுட்டிங்."

பத்து முதலில் பேசினான். நன்றாகத்தான் பேசினான், பாவி. துரத்தப்படுகிற பிள்ளைகளைப் பற்றிச் சொன்னபோது நானே கை தட்டியிருப்பேன்.

அப்புறம் என்னைக் கூப்பிட்டார்கள். கத்துவதற்கு என்னென்னவோ யோசித்து வைத்திருந்தேன். மைக்கைப் பிடித்ததும் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. "என் நாய்க்குக் கண் தெரியாது" என்று இங்கிலீஷில் சொன்னேன். "அந்த ஓர் இடத்தில்தான் அவனால் ஓட முடியும். அவன் போகிறவரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் என்ன வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளுங்கள்." சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஊர் கூடின இடத்தில் நாய்க்காக அழுகிற ஆளாகிவிட்டேனே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது. மைக்கை வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

கூட்டத்தை நடத்திய டெனிஸ் என்ற பெண்மணி என்னிடம் வந்து குனிந்து பேசினாள். வேலையை நிறுத்திவைக்க அவளால் முடியாதாம். ஆனால் புதுப் பூங்காவுக்குள் எது எங்கே வரும் என்று இன்னும் முடிவாகவில்லை. "அவனுக்கு என்ன வேண்டும், காட்டுங்கள்" என்றாள்.

வெறும் கட்டத்துக்கு முன்னால் போய் நின்றேன். பின்னாலேயே பத்து வந்தான்.

"ஏன்டா, கண்ணு தெரியலைன்னு எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"நீ எப்படா நாயைப் பத்திக் கேட்ட?"

அவனுக்குச் சுருக்கென்று தைத்திருக்கவேண்டும். மைதானப் படத்தில் வைப்பதற்காகப் பத்திரமாக வைத்திருந்த தன் ஐந்து பொட்டுகளையும் என் பக்கம் நீட்டினான். "இந்தா. குழாய் எங்க வரணும்?"

பழைய பூங்காவில் இருக்கிற மாதிரியே கதவுக்கு ஒன்று, குழாய்க்கு ஒன்று, பெஞ்சுக்கு ஒன்று வைத்தேன். டியூக்கின் தாத்தா வந்து, பெஞ்சு இன்னும் கொஞ்சம் தள்ளி என்று திருத்தினார். நடுவில் வைப்பதற்கு ஒரு பொட்டை எடுத்தபோது டெனிஸ் தயங்கினாள். அவ்வளவு பெரிய மரத்துக்கு எங்கே போவது? வேலியோரம் கன்றுகள் நடலாம், அவ்வளவுதான். அந்தப் பொட்டை விரலிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பெக்கான் மரத்தை வெட்டிய வாரம் நான் அந்தப் பக்கமே போகவில்லை.

அடுத்த வசந்தத்தில் புதுப் பூங்கா திறந்தார்கள். முதல் நாளே குப்பனைக் கூட்டிக்கொண்டு போனேன். பத்துவும் வந்தான். குப்பன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு என் காலோடு ஒட்டி நின்றான். எனக்கு வாரை அவிழ்க்கக் கை வரவில்லை.

"விடுடா அவன" என்றான் பத்து.

"எங்காச்சும் முட்டிக்குவான்டா."

"முட்டிக்க என்னடா இருக்கு? வெறும் கிரவுண்டு."

அவனே போய்க் குழாயைத் திறந்துவிட்டான். தண்ணீர் மண்ணில் விழுந்து ஈர வாசனை கிளம்பியது. குப்பன் காதைத் தூக்கினான். இடப்பக்கம் திரும்பி மோந்தான். "போ சாமி" என்று வாரை அவிழ்த்தேன்.

மெல்ல நடந்தான். குழாயைத் தாண்டினான். பெஞ்சுக் காலை மூக்கால் தொட்டுப் பார்த்தான். அப்புறம் ஓட ஆரம்பித்தான், காது இரண்டும் பின்னால் பறக்க, முழு வேகத்தில். பூங்காவின் நடுவில் சட்டென்று ஒதுங்கி, பெரிதாக ஒரு வளைவு வளைந்து, மறுபடி நேரே எதிர் வேலிக்கு ஓடினான்.

"ஏன்டா அங்க போய் வளையறான்?" என்றான் பத்து. "அங்க ஒண்ணுமே இல்லையே?"

எனக்குக் கண் மறைத்தது.

"இருக்குதுடா" என்றேன். "அங்கதான் மரம் இருக்குது."