சின்ன மாப்பிள்ளை போட்ட சீலிங்

மாமனார் வீட்டுக் கூடத்தில் சீலிங் ஒழுகிவிட்டது என்று கேட்டதும் பெரிய மாப்பிள்ளைக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. பின்னே இருக்காதா? பதினாறு வருஷமாக அவருக்குத் தொழிலே சீலிங் போடுவதுதான். ஆனாலும் மாமனார் தன் வீட்டு வேலையை, அதே தொழில் செய்யும் இளைய மருமகனிடம் கொடுத்தார். கொடுத்தது போதாதென்று, வருகிறவர்களிடமெல்லாம் "நம்ம சின்ன மாப்பிள்ளை கைவேலை" என்று பெருமை வேறு. கேட்கும்போதெல்லாம் பெரியவருக்குக் காதில் புகை வரும்.

மாடிக் குளியலறையில் குழாய் இணைப்பு விட்டுப்போய்த் தண்ணீர் கசிந்து நாலு நாளாகிவிட்டது. குழாயை மாற்றியாயிற்று. கீழே சீலிங்கில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பழுப்புக் கறை. சின்னவன் வெளியூர் வேலையில் இருந்தான்.

"மாத்தணுமா வேண்டாமான்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும் மாப்பிள்ளை," என்றார் மாமனார்.

பெரியவர் ஏணியில் ஏறினார். சீலிங்கில் அடித்திருக்கும் ஜிப்சம் போர்டு ஊறிக் கெட்டிருந்தால், அழுத்தினால் நமுத்த பிஸ்கட்டாக அமுங்கும். கறையின் நடுவில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். அமுங்கவில்லை. மூச்சைப் பிடித்து அழுத்தினார். விரல்தான் வலித்தது. தட்டிப் பார்த்தார், கறை இருந்த இடமும் இல்லாத இடமும் ஒரே சத்தம். சுவருக்குச் சுவர் நூல் பிடித்துப் பார்த்தார். போர்டு இம்மியும் தொங்கவில்லை. இரண்டு போர்டு சேரும் இடத்தைக் கையால் தடவித் தேடவேண்டியிருந்தது. தான் போட்டிருந்தால்கூட இவ்வளவு சமமாக வந்திருக்காது என்று அவருக்கே தெரிந்தது. அதுதான் பொறுக்கவில்லை.

கறை தெரியாமல் பிரைமர் அடித்து, மேலே பெயின்ட் பூசினால் ஒரு நாள் வேலை. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"உள்ள ஊறிப்போச்சு மாமா. மொத்தமா மாத்தணும். விட்டா யார் தலையிலயாவது விழும்."

மாமனார் பதறிப்போய்ச் சின்னவனுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்.

"அண்ணன் சொல்லிட்டாரா? அப்ப பிரிச்சிடுங்க மாமா," என்றான் அவன். "நானே அங்க இருந்தாலும் அவரைத்தான் கேட்டிருப்பேன். புதுசையும் அவரே போடட்டும், என்னைவிட நல்லாப் போடுவார்."

நல்லவன் வேஷம் போடுகிறான் பார், என்று பெரியவர் பல்லைக் கடித்தார். வேஷமில்லை என்பதும் தெரிந்தது. அதில் இன்னும் எரிந்தது.

அந்த எரிச்சலிலேயே கத்தியை எடுத்துக் கறையைச் சுற்றி அறுத்தார். எந்த வீட்டிலும் அறுத்த துண்டைத் தானே இறக்கிச் சாக்கில் போட்டுக் கட்டிவிடுவது அவர் வழக்கம். வீட்டுக்காரர் கையில் கொடுக்கவே மாட்டார். இன்று மாமனார் கீழிருந்து, "கொடுங்க மாப்பிள்ளை, நான் வாங்கிக்கிறேன்," என்று கையை நீட்டியதும், மரியாதைக்குக் கொடுத்துவிட்டார்.

மாமனார் அதைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் மொறமொறவென்று காய்ந்திருந்தது. முழங்காலில் வைத்து உடைக்கப் பார்த்தார். மூன்றாம் தடவைதான் படக்கென்று உடைந்தது. உள்ளே சுண்ணாம்பு வெள்ளை, வேட்டியெல்லாம் தூள்.

"காஞ்சுதானே மாப்பிள்ளை இருக்கு?"

ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். தொழில்காரனுக்கு வார்த்தையா கிடைக்காது? ஆனால் அவர் கத்தியை மடக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அவமானம் பிடுங்கித் தின்றது. அப்போதும் பாழாய்ப்போன பொறாமை அடங்கவில்லை.

மாமனார் குரலை உயர்த்தவில்லை. உடைந்த இரண்டு துண்டையும் சுவரோரம் பத்திரமாகச் சாய்த்து வைத்தார். பிறகு ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்து இறங்குங்க. ஓட்டை அப்படியே இருக்கட்டும். சின்னவர் வந்து போட்டுக்குவார்."